49 வயதோடு முடிந்துபோகும் பதிவேடு: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள், நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் மாதவிலக்கைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், யாருக்குத் தைரியம் சொன்னால் போதும் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம்.

எங்கள் வேலையின் அடிப்படையே ஒரு பெண்ணின் கடைசி மாதவிலக்குத் தேதிதான். நோட்டில் எல்.எம்.பி. என்று ஒரு கட்டம் இருக்கும். கர்ப்பப் பதிவு, பிரசவத் தேதி, தடுப்பூசி, சத்து மாத்திரை எல்லாமே அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். ஆனால் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்கள்தான் வருவார்கள். அதிலும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிட்டால், அப்புறம் அந்தப் பெண்ணிடம் யாரும் தேதி கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பெரும்பாலும் முப்பது வயதுக்குள்ளேயே. அதோடு அவர்களுடைய கர்ப்பப்பை நம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. திரும்ப அது நம் கண்ணில் படுவது புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடும்போது, இல்லையென்றால் அதை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது.

மாதவிலக்கு நிற்கும் பருவம் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது, போகிறது. நம் ஊரில் அதை ஒரே நாளில் நடந்து முடிகிற சங்கதியாகவே பேசுகிறார்கள். ‘எனக்கு நின்னு போச்சு’ என்றால் பேச்சு முடிந்தது. உண்மையில் பல ஆண்டுகள் நீளும் பயணம் அது. அதற்குள் தெளிவான கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் வரும் தொல்லை வேறு, ஆபத்து வேறு, செய்ய வேண்டியதும் வேறு. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாததால்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். மாதவிலக்கு நிற்கும் நேரத்தில் மிஞ்சுவது ஆயிரம் அளவில்தான். இருப்பு குறையக் குறைய ஹார்மோன்கள் ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

2001இல் நிபுணர்கள் கூடி இந்தப் பருவத்தைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். 2011இல் மறுபடி கூடி அதைத் திருத்தினார்கள். அவர்கள் முதல் அளவுகோலாக வைத்தது ரத்தப் பரிசோதனையை அல்ல, மாதவிலக்குத் தேதிகளைத்தான். லேப் இல்லாத குக்கிராமத்திலும், காலண்டரும் பேனாவும் இருந்தால் ஒரு பெண் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இதைக் கண்டுபிடிக்க ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையே இல்லை.

முதல் கட்டத்தில் மாதவிலக்கு நிற்பதில்லை, தேதி தடுமாறும். இந்த மாதம் 28 நாளில் வந்தது அடுத்த முறை 36 நாளில் வரும், அதற்கடுத்து 24இல் வந்துவிடும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம், அதுவும் திரும்பத் திரும்ப வந்தால், மாற்றம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இது வரலாம். ஏனென்றால் இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51ஐ ஒட்டி இருக்கிறது.

இந்த முதல் கட்டத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நம் பெண்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

கருமுட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் இருந்து கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். அது கடைசியில் உதிரும்போது கட்டிகட்டியாக, பத்து நாள், பதினைந்து நாள் என்று போகும். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, துணி மாற்ற நேரம் கிடையாது. உதிரப்போக்கு வந்த வாரம் முழுக்க லீவு போட்டு, சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டால், ‘நிக்கிற நேரத்துல எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் நிக்கும்னு அம்மா சொல்லுச்சு’ என்பார்கள். கெட்ட ரத்தம் போவது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் எட்டு என்றால் பதறி ஓடுகிறோம். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆறு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

இதே பெண் தாங்க முடியாமல் ஒரு நாள் டவுனில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘கட்டி இருக்கு, விட்டு வச்சா கேன்சர் ஆயிடும், பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துடலாம்’ என்கிறார்கள். நகை அடகுக்குப் போகிறது, கர்ப்பப்பையும் போகிறது. எல்லா மருத்துவரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை உயிரைக் காப்பாற்றிய பெண்களையும் எனக்குத் தெரியும். ஆனால் நார்த்திசுக் கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் அது தானாகவே சுருங்கிவிடும். ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது, புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை இருக்கிறது, காப்பர் டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ஊசி இருக்கிறது. தேவைப்பட்டால் உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இன்னும் சில ஆண்டுகளில் தானாக நிற்கப்போகிற ஒன்று என்று தெரிந்தால், அந்தச் சில ஆண்டுகளைக் கடத்திவிட எத்தனையோ பெண்களால் முடியும். ஆனால் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவே இல்லை.

நம் நாட்டின் தேசியக் குடும்ப நல ஆய்வே இதைக் காட்டுகிறது. கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட பெண்களிடம் காரணம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னது அதிக ரத்தப்போக்கு. அறுவை சிகிச்சைகளில் பெரும்பகுதி நடந்தது தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் நடந்தவை பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க 2022இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்றது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது, எந்த வயதுப் பெண்களுக்கு, என்ன காரணத்துக்காக அறுவை சிகிச்சை நடந்தது என்பதை மாவட்ட இணையதளத்தில் வெளியிடுங்கள் என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், வயதும் காரணமும் போதும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டியது ஒரே இரவில் நடந்துவிடும். முப்பத்தெட்டு வயதுப் பெண் மயக்கம் தெளிந்து எழும்போதே மாதவிலக்கு நின்ற பெண்ணாக எழுகிறார். எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் முன்கூட்டியே பாதுகாப்பை இழக்கின்றன. சினைப்பையை விட்டுவைத்தாலும் அதன் வேலை சற்று முன்னதாகவே முடிந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதையெல்லாம் சொல்லித்தான் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் பார்த்த பெண்களில் பலருக்குச் சினைப்பை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வரச் சொல்லி நாங்கள் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அடுத்த கட்டம். இரண்டு மாதவிலக்குக்கு நடுவே அறுபது நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழத் தொடங்கினால், நிற்பதற்குப் பக்கத்தில் வந்தாயிற்று. ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை இந்தக் கட்டம் இருக்கும். குப்பென்று வேர்ப்பது, படபடப்பு, நடுராத்திரியில் புடவை நனைந்து விழிப்பது எல்லாம் இங்கே உச்சத்துக்கு வரும். மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைவதால், சின்ன மாற்றத்துக்கே பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது. நிலக்கோட்டையில் விடிவதற்கு முன்பே மல்லிகை எடுக்கப் போகும் பெண்கள், ராத்திரித் தூக்கமும் போனால் எப்போது உறங்குவார்கள்? உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுத்து, ‘ஒண்ணுமில்லை’ என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். எரிச்சலும் அழுகையும் சேர்ந்துகொண்டால் கோடங்கியிடம் கூட்டிப்போன வீடுகளும் உண்டு. இந்த மாற்றக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவம் அறிந்த விஷயம். முன்பே மனச்சோர்வு வந்திருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை.

இது கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதும் சரியில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இந்த வெப்பத் தொல்லை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கும் மேல் இருந்தது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு விபத்தும் உண்டு. மூன்று மாதம் வரவில்லை, நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள், அது கர்ப்பமாக இருக்கும். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வேண்டிய வயதில் தான் கர்ப்பம் என்றால், அந்தப் பெண் வெளியே சொல்லாமல் எங்கெங்கோ மாத்திரை வாங்கிப் போட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். குடும்பக் கட்டுப்பாடு செய்யாதவர்கள், ஐம்பது வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு ஆண்டும், ஐம்பதுக்குப் பிறகு நின்றால் ஓர் ஆண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

கடைசி மாதவிலக்கு எது என்பது அன்றைக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதம் ஒரு சொட்டுகூடப் படாமல் கடந்த பிறகு, பின்னால் திரும்பி எண்ணித்தான் ‘நின்றுவிட்டது’ என்று சொல்ல முடியும். அதனால்தான் தேதி எழுதி வைப்பது இத்தனை முக்கியம். அந்த ஓராண்டுக் கோட்டைத் தாண்டிய பிறகு வரும் ரத்தத்துக்கு அர்த்தமே வேறு. நின்று மூன்று வருடம் கழித்து லேசாகப் பட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள், ‘மறுபடி வந்துருச்சு, உடம்புல இன்னும் தெம்பு இருக்கு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழா நேரம் என்றால் யாரிடமும் சொல்வதுகூட இல்லை. பெரும்பாலும் அதற்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே. அந்த நேரத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உடல் பருமன் உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம். அதாவது, உங்கள் தன்னார்வலர் மாத்திரை கொடுக்கப் போகும் வீடுகளிலேயே அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். சுகர் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பும் முன், ‘நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது பட்டுச்சாம்மா?’ என்று ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்விக்காகவே இந்த மடலை எழுதலாம்.

மாதவிலக்கு நின்ற பிந்தைய ஆண்டுகளின் தொல்லைகள் சத்தமில்லாதவை. கடைசி மாதவிலக்குக்கு ஓர் ஆண்டு முன்பிருந்து இரண்டு ஆண்டு பின்பு வரை எலும்பு வேகமாகத் தேய்கிறது. அது வெளியே தெரிவது, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முற்றத்தில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறியும்போதுதான். பிறப்புறுப்பு வறண்டு, சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம், உறவில் வலி என்று வருவதும் இந்தக் காலத்தில்தான். மற்றவை காலப்போக்கில் அடங்கும், இது அடங்காது, கூடத்தான் செய்யும். மறுபடி மறுபடி கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டு அலுத்துப்போன பெண்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குப் போதும். ஆனால் இதைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்து சொல்ல, கேட்பவர் முதலில் கேட்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே பயம் வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து) சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியதால் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் உள்ள, கடும் தொல்லை இருக்கிற பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் அது கூடாது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகத் தரக் கூடாது. இதிலும் பாருங்கள், எந்தக் கட்டம் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் முடிவெடுக்க முடியும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வரை போயிருக்கிறது. வீட்டு வாசலுக்கே மருத்துவத்தைக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமியார் முன்னாலோ, புருஷன் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதோ கேட்டால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. தன்னார்வலர் அதே ஊர்ப் பெண் என்பது பல விஷயத்தில் பலம், இந்த விஷயத்தில் தயக்கம். பேச்சு வெளியே போய்விடும் என்று பயப்படுவார்கள். அதனால் ரகசியம் காப்பதைப் பயிற்சியின் முதல் பாடமாக வையுங்கள். கடைசியாக எப்போது வந்தது, ஏழு நாளுக்கு மேல் போகிறதா அல்லது கட்டியாகப் போகிறதா, நின்று ஓராண்டு கழித்துப் பட்டதா, நாற்பது வயதுக்கு முன்பே நின்றதா, தூக்கம் எப்படி, சிறுநீர் போவதில் தொந்தரவு உண்டா. இவ்வளவுதான், ஐந்து நிமிடம். கையில் ஒரு சின்ன அட்டை கொடுத்து, தேதியைச் சுழித்துவைக்கச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவர்களும் காலண்டரில் பால் கணக்கைக் கோடு போட்டு வைக்கிறார்கள், இதையும் வைப்பார்கள்.

அனுப்பி வைத்தால் பார்க்க ஆள் வேண்டும். வட்டார அளவிலாவது வாரத்தில் ஒரு நாள் பெண் மருத்துவர் இருக்கும்படி செய்யுங்கள். ரத்தசோகைப் பரிசோதனையும் தைராய்டுப் பரிசோதனையும் அன்றைக்கு நடக்கட்டும். இப்போது கர்ப்பிணிகளுக்கு எண்ணிக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளில் இவர்களுக்கும் ஒரு பங்கு வரட்டும். காப்பீட்டுத் திட்டத்தில் கர்ப்பப்பை நீக்கத்துக்கு விண்ணப்பம் வந்தால், மருந்து சிகிச்சை முயன்று பார்க்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அனுமதி தராதீர்கள். அவசர உயிராபத்தை மட்டும் அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

பதிவேட்டில் 49 என்று போட்ட கோட்டை அழித்து, கடைசி மாதவிலக்கு முடிந்து பன்னிரண்டு மாதம் என்ற தேதி எழுதப்படும் வரை அந்தப் பெண்ணின் பக்கத்தை மூடாமல் வைக்கச் சொல்லுங்கள். பயிற்சி கொடுக்க ஆள் போதாது என்றால், ஒவ்வொரு ஒன்றியத்திலும் எங்களைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் இருக்கிறோம். எந்த வீட்டில் எப்போது போனால் அந்தப் பெண் தனியாக இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்